ஃபைல் இருக்கு, எழுத்தைக் காணோம்: ஓஎஸ் மாத்துறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய ஒரு கதை

[ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது. பேச்சு நடை அப்படியே விடப்பட்டுள்ளது.]



போன மாசம் ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். "லேப்டாப்பை ஃபார்மேட் பண்ணிட்டு புதுசா ஓஎஸ் போடப் போறேன். ஃபோட்டோ, டாக்குமென்ட் எல்லாம் ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணிட்டேன். வேற ஏதாவது பேக்கப் எடுக்கணுமா?" அவ்வளவுதான் கேள்வி. பதில் ஒரு பத்து வரியில முடிஞ்சிருக்கும். ஆனா டைப் பண்ண உட்கார்ந்ததும் எனக்கு எங்க மாமா கடை ஞாபகம் வந்துருச்சு. அங்கிருந்து யோசனை திருச்சுழி பக்கத்துல இருக்கிற ஒரு கல்வெட்டுக்குப் போச்சு. அதனால இந்த வாரம் அந்தக் கேள்விக்கு முழு எபிசோடே பதில்.

2015, மே மாசம்

எங்க ஊர் அருப்புக்கோட்டை. கரிசக்காடு, தறிச் சத்தம், மல்லிகைப்பூ, தண்ணி லாரி. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். எங்க தாய்மாமா திருச்சுழி ரோட்டுல ஒரு சின்ன டிடிபி கடை வச்சிருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், மனு டைப்பிங், ஜெராக்ஸ். சுத்துப்பட்டு கிராமத்துல யாரு வீட்டுல நல்லது கெட்டது நடந்தாலும் அது ஒரு ஃபைலா மாமா கம்ப்யூட்டர்ல வந்து உட்காரும்.

அந்தக் கம்ப்யூட்டர்ல ஓடினது விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோட மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்திருச்சு. நான் அப்போ எஞ்சினியரிங் படிச்சுட்டு இருந்தேன். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்துல கிடைச்ச அரசு லேப்டாப்தான் என்னோட சோதனைச்சாலை. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்சது; முதல் சில வருசம் வந்த மெஷின்கள்ல விண்டோஸும் சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருக்கும். அதை அழிச்சு, போட்டு, திரும்ப அழிச்சுப் பழகினதுல எனக்கு ஒரு தைரியம். லீவுக்கு வந்தப்போ மாமாகிட்ட, "எக்ஸ்பி இனிமே பாதுகாப்பு இல்ல மாமா, விண்டோஸ் 7 போட்டுத் தர்றேன்"னு சொன்னேன்.

மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாப்ள, எல்லாம் பத்திரமா இருக்கும்ல?"

"டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ், எல்லாத்தையும் டி டிரைவ்ல போட்டுட்டேன் மாமா. ஒரு ஃபைல் போகாது."

பொய் சொல்லல. உண்மையிலேயே ஒரு ஃபைல்கூடப் போகல.

மறுநாள் காலையில திருச்சுழி தாண்டி ஒரு கிராமத்துல இருந்து கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் வந்தார். "அண்ணாச்சி, சாமி கும்பிடப் போறோம். போன வருசத் தலைக்கட்டுப் பட்டியலை எடுங்க. புதுசா கல்யாணமான பயலுகளைச் சேர்க்கணும்."

நகரத்துல வளர்ந்தவங்களுக்காக ஒரு விளக்கம். எங்க பக்கம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடுவாங்க. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்த பெண் தனியா இருக்கிற வீடுன்னா பல ஊர்கள்ல அரை வரி. இது வெறும் வசூல் லிஸ்ட் இல்ல. உங்ககிட்ட வரி வாங்கினாத்தான் நீங்க அந்த ஊர்க்காரர். பட்டியல்ல பேர் விட்டுப்போச்சுன்னா, "எங்களை ஒதுக்கி வச்சுட்டீங்களா?"ன்னு சண்டை வரும். பல வருசமா அந்தப் பட்டியல் மாமாவோட எக்செல் ஃபைல்லதான் இருந்துச்சு.

மாமா ஃபைலைத் திறந்தார். திறந்துச்சு. வரிசை எண் இருக்கு, தொகை இருக்கு, கோடு இருக்கு. பேர் இருக்க வேண்டிய இடத்துல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஒண்ணா கலந்து கொட்டிக் கிடக்கு.

அடுத்த ஃபைல். அதுவும் அப்படித்தான். பத்து வருசக் கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான்.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. விண்டோஸ் 7க்குத் தமிழ் நல்லாவே தெரியும். எக்ஸ்பியில யூனிகோட் தமிழ் சரியா வரணும்னா செட்டிங்ஸ்ல போய் ஒரு டிக் போட்டு, இன்ஸ்டலேஷன் சிடியைத் திரும்பச் சொருகணும். 7ல அந்தத் தொல்லை எதுவும் இல்ல. முந்தின நாள் ராத்திரி நான் தமிழ் செய்தித் தளம் ஒண்ணைத் திறந்து காட்டி, "பாருங்க மாமா, தமிழ் ரெடி"ன்னு பெருமையா சொல்லியிருந்தேன். உலகத்துத் தமிழ் எல்லாம் அந்த மெஷினுக்குப் படிக்கத் தெரிஞ்சது, எங்க மாமாவோட தமிழைத் தவிர.

நான் எதைக் காப்பி பண்ணாம விட்டேன்?

சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். மாமா பல வருசத்துக்கு முன்னாடி காசு கொடுத்து வாங்கின தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு. நான் அதைத் தொடவே இல்ல. தமிழ் டைப் பண்ற கீபோர்டு மென்பொருள் ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல இருந்துச்சு, அதோட அமைப்புகள் ரெஜிஸ்ட்ரியில இருந்துச்சு. வேர்டுல மாமா சேர்த்து வச்சிருந்த சுருக்கெழுத்துகளும் போச்சு. ரெண்டு எழுத்து அடிச்சா "நிகழும் மங்களகரமான"ன்னு முழு வரியும் வந்து விழும். அது வேர்டோட டெம்ப்ளேட் ஃபைல்ல இருந்தது, அந்த ஃபைல் பயனர் ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சு இருந்தது. எல்லாம் சி டிரைவ். எல்லாம் காலி.

அதாவது, மாமா செஞ்ச வேலையை நான் காப்பாத்திட்டேன். அவர் எதை வச்சு வேலை செஞ்சாரோ அதை அழிச்சுட்டேன்.

ஏன் இந்த ரெண்டும் வேற வேற இடத்துல இருக்கு? இங்கதான் கொஞ்சம் கம்ப்யூட்டர் வரலாறு தேவைப்படுது.

1960களின் தொடக்கத்துல அமெரிக்காவோட எம்ஐடியில சிடிஎஸ்எஸ்னு ஒரு இயங்குதளம். ஒரே கணினியைப் பலர் பங்கு போட்டுப் பயன்படுத்தின முதல் அமைப்புகள்ல ஒண்ணு. அங்க லூயி பூசான்ங்கிற பிரெஞ்சுப் பொறியாளர் 'ரன்காம்'னு ஒண்ணு எழுதினார். தினமும் அடிக்கிற கட்டளைகளை ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டா மெஷின் அதை வரிசையா ஓட்டும். இன்னைக்கும் லினக்ஸ்ல செட்டிங்ஸ் ஃபைல் பேர்கள் 'ஆர்சி'ன்னு முடியுதே, பேஷ்-ஆர்சி, விம்-ஆர்சின்னு, அது அந்த ரன்காமோட மிச்சம்.

அடுத்தது யூனிக்ஸ். அதுல செட்டிங்ஸ் ஃபைல் பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி இருந்தா அது பட்டியல்ல தெரியாது. இது யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செஞ்சது இல்லன்னு ராப் பைக் 2012ல எழுதினார். ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளின்னு ரெண்டு பதிவு இருக்கும். பட்டியல் போடுறப்போ அதை மட்டும் மறைக்கணும். சோம்பேறித்தனமா, "முதல் எழுத்து புள்ளியா இருந்தா விட்டுரு"ன்னு எழுதிட்டாங்க. அந்தச் சின்ன அலட்சியத்துல பிறந்ததுதான் மறைஞ்ச ஃபைல்கள். எல்லா மென்பொருளும் தன்னோட செட்டிங்ஸை அந்த மறைவுல போட ஆரம்பிச்சது. பைக் இதைத் தப்புன்னுதான் சொல்றார். ஆனா நமக்கு அதுல ஒரு லாபம் இருக்கு. செட்டிங்ஸ் எல்லாம் உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ளயே, சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா இருக்கும். ஹோமைத் தூக்கினா பழக்கமும் கூடவே வரும்.

1993ல தொடங்கின டெபியன் லினக்ஸ் இன்னொரு பாதியையும் தீர்த்துச்சு. மெஷின்ல என்னென்ன மென்பொருள் இருக்குங்கிற கணக்கை டிபிகேஜின்னு ஒரே நிரல் வச்சிருக்கும். ஒரு கட்டளை கொடுத்தா முழுப் பட்டியலும் டெக்ஸ்டா வரும். புது மெஷின்ல அந்தப் பட்டியலைக் கொடுத்தா அதுவே எல்லாத்தையும் இறக்கிப் போட்டுக்கும். மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற மாதிரி.

விண்டோஸ் வேற பாதையில போச்சு. முதல்ல ஒவ்வொரு மென்பொருளும் தனக்குன்னு ஒரு ஐஎன்ஐ ஃபைல் வச்சிருந்தது. 1992ல விண்டோஸ் 3.1ல ரெஜிஸ்ட்ரி சின்னதா எட்டிப் பார்த்துச்சு. 1995ல விண்டோஸ் 95 வந்தப்போ மொத்த அமைப்புக்கும் அதுவே நடு மையமாச்சு. எல்லாத்தையும் ஒரே இடத்துல ஒழுங்கா வைக்கணும்னு நல்ல எண்ணம்தான். ஆனா அந்த ஒரே இடம் இயங்குதளத்தோட வயித்துக்குள்ள இருக்கு. அதை மாத்துறப்போ இதுவும் சேர்ந்து போயிரும்.

நம்ம ஊர் சர்வீஸ் கடைகள் இதுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் "கோஸ்ட் போடுறது". நியூசிலாந்துல முர்ரே ஹாஸார்ட் 1990களின் நடுவுல எழுதின மென்பொருள் அது. 1998ல சைமன்டெக் வாங்கி நார்டன் கோஸ்ட் ஆக்குச்சு. சி டிரைவை அப்படியே ஒரு படமா எடுத்து வச்சுட்டு, கெட்டுப்போனா அதையே திரும்ப ஊத்துறது. எழுத்துரு, செட்டிங்ஸ் எல்லாம் உள்ளபடி வந்துரும். ஆனா மதர்போர்டு மாறினா எக்ஸ்பி நீலத் திரை காட்டி நின்னுரும். எக்ஸ்பியில இருந்து 7க்குப் போறவங்களுக்கு அது உதவவும் உதவாது; பழைய வீட்டையே திரும்பக் கட்டித் தரும், புது வீட்டுக்குச் சாமான் ஏத்தித் தராது.

தமிழுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி?

சரி, எழுத்துரு போனா அழகுதானே போகணும்? டைம்ஸ் இல்லைன்னா ஏரியல்ல தெரியும். ஆங்கிலத்துல அப்படித்தான். மாமாவோட ஃபைல்ல ஏன் அர்த்தமே போச்சு?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். 65ன்னா ஆங்கில 'ஏ'ன்னு உலகமே ஒத்துக்கிட்டாச்சு. தமிழுக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் ரொம்ப நாளா இல்ல. 8 பிட்ல மொத்தம் 256 இடம். அதுல முதல் பாதி ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் போயிருச்சு. எழுத்துரு செஞ்சவங்க ஒரு தந்திரம் பண்ணினாங்க. ஆங்கில எழுத்து உட்கார்ந்திருக்கிற இடத்துலயே தமிழ் எழுத்தோட படத்தை வரைஞ்சுட்டாங்க. பாமினி எழுத்துருவுல 'அம்மா'ன்னு தெரியறது, ஃபைலுக்குள்ள எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி மெஷின்ல இருக்கிற வரைக்கும் அது அம்மா. எழுத்துருவை எடுத்துட்டா வெறும் எம், கே, அரைப்புள்ளி.

ஒவ்வொரு நிறுவனமும் அதது இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்குச்சு. ஒருத்தர் எழுத்துருவுல 'க' இருக்கிற இடத்துல இன்னொருத்தர் 'ட' வச்சிருப்பார். அதனால நம்ம எழுத்துரு வெறும் உடை இல்ல, அதுதான் அகராதி. அதை நாம 'செட்டிங்ஸ்' பக்கத்துல வச்சுக்கிட்டு, ஃபார்மேட் பண்றப்போ கூட்டிப் பெருக்கித் தள்ளினோம்.

இதைச் சரி பண்ண முயற்சி நடக்காம இல்ல. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்துச்சு. டாப், டாம்னு ரெண்டு குறிமுறையையும், தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிச்சு. அதே காலத்துல இணையத்துல உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி குறிமுறையைக் கொண்டு வந்தாங்க. யூனிகோடுல தமிழுக்கு 1991லயே இடம் கொடுத்தாச்சு. 2010 ஜூன்ல, கோவையில செம்மொழி மாநாடு நடந்த சமயத்துல, யூனிகோடையும், அது ஒத்துவராத இடத்துக்கு டேஸ் 16 குறிமுறையையும் அரசு தரமா அறிவிச்சது.

இவ்வளவு நடந்தும் மாமா கடைக்கு ஏன் எதுவும் வந்து சேரல? காரணம் பேஜ்மேக்கர். 2001ல வந்த 7ஆம் பதிப்போட அதோட வளர்ச்சி நின்னுருச்சு. அதுக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. ஆனா அச்சகங்கள் முழுக்க அதுலதான் ஓடுச்சு. பத்திரிகை அடிச்சுத் தர்ற பிரஸ் எந்த எழுத்துருவைக் கேட்குதோ அதுலதான் கடைக்காரர் டைப் பண்ணுவார். அது பிடிவாதம் இல்ல, பிழைப்பு.

மஞ்சப்பைக்குள்ள இருந்த சாவி

கதைக்குத் திரும்புவோம். பெரியவர் பெஞ்சுல உட்கார்ந்திருக்கார். மாமா என்னைத் திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

எழுத்துரு சிடியைத் தேடினோம். கீறல் விழுந்து படிக்கல. வித்த ஏஜென்டோட நம்பர் உபயோகத்துல இல்ல. இன்னொரு கடைக்காரர் அதே பேர்ல ஒரு எழுத்துரு கொடுத்தார். போட்டதும் தமிழ் வந்துருச்சு, சந்தோசம். ஆனா அது வேற பதிப்பு. சில எழுத்து இடம் மாறி இருந்துச்சு. பேர்கள் பாதி புரியுது, பாதி யாரோ முன்பின் தெரியாதவங்க பேர் மாதிரி இருக்கு. பேர்ப் பட்டியல்ல அந்தப் பாதிதானே ஆபத்து! இணையத்துல சுரதா யாழ்வாணன் உருவாக்கின பொங்கு தமிழ் மாற்றி இருந்துச்சு. பாமினி, டிஸ்கி, டாப்னு தெரிஞ்ச குறிமுறையை எல்லாம் அது அழகா மாத்திரும். மாமாவோட எழுத்துரு அந்தப் பட்டியல்ல எதோடவும் பொருந்தல.

அப்போ பெரியவர் மஞ்சப்பையில இருந்து நாலா மடிச்ச ஒரு தாளை எடுத்தார். போன வருசம் மாமா பிரின்ட் எடுத்துக் கொடுத்த பட்டியல். "இதுல எல்லாம் இருக்கே தம்பி, இதைப் பார்த்து அடிங்களேன்."

அந்தப் பட்டியலை மட்டும்னா பார்த்து அடிச்சுரலாம். மத்த பத்து வருச ஃபைலை என்ன பண்றது? ஆனா அந்தத் தாளைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஒரு பக்கம் புரியாத குறிகள், இன்னொரு பக்கம் அதே பேர்கள் தமிழ்ல. ரெண்டையும் வரிக்கு வரி பக்கத்துல வச்சா, எந்தக் குறி எந்த எழுத்துன்னு அட்டவணை போட்டுரலாம்.

நாலு நாள் ஆச்சு. மாமா படிக்கப் படிக்க நான் எழுதினேன். முதல் தடவை ஸ்கிரிப்ட் ஓட்டினப்போ 'பெருமாள்'ங்கிற பேர் உடைஞ்சு வந்துச்சு. பழைய எழுத்துருவுல கண்ணுக்குத் தெரியற வரிசைதான்: ஒற்றைக்கொம்பு முதல்ல, அப்புறம் 'ப'. யூனிகோடுல உச்சரிப்பு வரிசை: 'ப' முதல்ல, கொம்பு பின்னால. அதை மாத்தி எழுதினேன். 'கொ', 'கோ' மாதிரி ரெண்டு பக்கமும் குறி வர்ற எழுத்துக்குத் தனி விதி. எல்லாம் முடிஞ்சு, பெரியவர் கடையில உட்கார்ந்து ஒவ்வொரு பேரா விரல் வச்சுப் படிச்சார். அரை வரி வீடுகளை மட்டும் ரெண்டு தடவை பார்த்தார். "சரியா இருக்கு"ன்னு அவர் சொன்ன அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கிச்சு.

மாமா படிச்சது தட்டச்சுப் பள்ளி முறை. விண்டோஸ் கொடுத்த தமிழ் கீபோர்டு அவர் கைக்கு அந்நியம். என்எச்எம் ரைட்டர்ல பழைய தட்டச்சு அமைப்பு இருக்குன்னு தெரிஞ்சு போட்டுக் கொடுத்தேன். அப்புறம்தான் அவர் விரல் பழையபடி ஓடுச்சு.

பள்ளிமடம்

திருச்சுழின்னா பலருக்கு ரமண மகரிஷி பிறந்த ஊர். அதை ஒட்டி, குண்டாற்றங்கரையில பள்ளிமடம்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. அங்க காளநாதர் கோயில். ஒரு பாண்டியனோட பள்ளிப்படை, அதாவது அவனைப் புதைச்ச இடத்துல எழுப்பின கோயில்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் அங்க இருக்கு. சின்ன வயசுல அந்தச் சுவரைத் தடவிப் பார்த்திருக்கேன். ஒரு எழுத்தும் புரியல. வேற மொழின்னு நினைச்சேன்.

மொழி தமிழ்தான். எழுத்து வட்டெழுத்து. பாண்டிய நாட்டுல அன்னைக்கு எல்லாரும் எழுதினது அந்த எழுத்துதான். 10ஆம் நூற்றாண்டோட முடிவுல முதலாம் ராஜராஜன் காலத்துல பாண்டிய நாடு சோழர் கைக்குப் போச்சு. சோழர் நிர்வாகம் பயன்படுத்தின தமிழ் எழுத்து இங்க பரவுச்சு, வட்டெழுத்து மெல்லப் பின்வாங்குச்சு. மேற்குக் கரையில, இன்னைக்குக் கேரளம் இருக்கிற பக்கம், அது இன்னும் பல நூற்றாண்டு புழக்கத்துல இருந்துச்சு. இங்க மறந்து போச்சு.

நம்ம பாஷையில சொன்னா, ஆட்சி மாறினப்போ இயங்குதளத்தை மாத்தினாங்க. பழைய ஃபைல் எல்லாம் கல்லுல, பத்திரமா, ஒரு எழுத்து அழியாம இருக்கு. அதைப் படிக்கிற 'எழுத்துரு' ஜனங்க தலைக்குள்ள இருந்துச்சு. சில தலைமுறையில அது போயிருச்சு. என் முன்னாடி திறந்த எக்செல் ஃபைலும் அந்தச் சுவரும் எனக்கு ஒண்ணாத் தெரிஞ்சது அதனாலதான். ரெண்டுலயும் தகவல் முழுசா இருக்கு. ரெண்டையும் படிக்க முடியல.

பிறகு எப்படிப் படிச்சாங்க? கல்வெட்டு அறிஞர்கள் படியெடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அட்டவணை போட்டு, இன்னைய தமிழ் எழுத்துல அச்சிட்டாங்க. பள்ளிமடத்துக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில 14ஆம் தொகுதியில இருக்கு. அவங்க வருசக்கணக்கா செஞ்சதோட ஒரு துளிதான் நானும் மாமாவும் நாலு நாள் செஞ்சது. கல்லை யாரும் தொலைக்கல. அட்டவணையை யாரும் எழுதி வைக்கல, அதுக்கான கூலிதான் அந்த உழைப்பு.

பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகள்ல அடிக்கடி வர்ற ஒரு சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சாவா மூவாப் பேராடு. கோயில்ல விளக்கு அணையாம எரிய நெய் வேணும். அதுக்கு ஆடு கொடுப்பாங்க, பல இடங்கள்ல 50 ஆடு. ஆடு சாகும், கிழடாகும். ஆனா ஏத்துக்கிட்டவர் குட்டிகளை வச்சு ஈடு கட்டி, எண்ணிக்கையைக் குறையாம வச்சிருக்கணும். அப்போ மந்தைக்குச் சாவும் இல்ல, மூப்பும் இல்ல.

மதுரைத் திட்டத்தைப் பத்தி யோசிக்கிறப்போ எல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வரும். சுவிட்சர்லாந்துல இருந்த கு. கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கல் அன்னைக்குத் தொடங்கின தன்னார்வ மின்நூல் முயற்சி. பழந்தமிழ் நூல்களை உலகமெங்கும் இருந்து ஆட்கள் சும்மா தட்டச்சு செஞ்சு கொடுத்தாங்க. முதல்ல 8 பிட் எழுத்துருக்கள்ல வெளியிட்டாங்க. டிஸ்கி வந்ததும் அதுக்கு மாத்தினாங்க. யூனிகோட் வந்ததும் அதுக்கும் மாத்தினாங்க. பழசு சாகறதுக்கு முன்னாடி குட்டியைத் தயார் பண்ணிட்டாங்க. அதனாலதான் இன்னைக்கு உங்க ஃபோன்ல அது திறக்குது.

சரி, இப்போ நேயருக்குப் பதில்

ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி நாலு விஷயம்.

ஒண்ணு, மென்பொருள் பட்டியல். லினக்ஸ்னா டிபிகேஜி, இல்ல ஏபிடி-மார்க் கொடுக்கிற பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எடுத்துக்கோங்க. விண்டோஸ்ல இப்போ விங்கெட் இருக்கு. எக்ஸ்போர்ட் கட்டளை அதே வேலையைச் செய்யும். விங்கெட்டுக்குத் தெரியாத மென்பொருள் அதுல விட்டுப்போகும், அதைக் கையால எழுதுங்க. உரிமச் சாவிகளையும் கூடவே எழுதுங்க.

ரெண்டு, அமைப்புகள். லினக்ஸ்ல புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல்களோட சேர்த்து முழு ஹோம் ஃபோல்டர். விண்டோஸ்ல யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள மறைஞ்சிருக்கிற ஆப்டேட்டா. ப்ரௌசர் புக்மார்க், கடவுச்சொல், எடிட்டர் செட்டிங்ஸ், வேர்டு டெம்ப்ளேட் எல்லாம் அங்கதான். ஒரு பட்டியல் மென்பொருளைத் திரும்பக் கொண்டுவரும், உங்க பழக்கத்தைக் கொண்டுவராது. அதனால ரெண்டும் வேணும்.

மூணு, எழுத்துருவும் விசைப்பலகையும். வீட்டுல பழைய தமிழ் ஃபைல் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி பண்ணுங்க. அம்மா டைப் பண்ணின சமையல் குறிப்பு, தாத்தா எழுதின குடும்ப வரலாறு, எதுவா இருந்தாலும். முடிஞ்சா யூனிகோடுக்கு மாத்திருங்க. அதோட ஒரு பிடிஎஃப் எடுத்து வைங்க. என்னைக்காவது தேவைப்பட்டா அந்தப் பிடிஎஃப்தான் உங்க மஞ்சப்பைத் தாள்.

நாலு, இதுதான் முக்கியம்: அழிக்கிறதுக்கு முன்னாடி வேற ஒரு மெஷின்ல திறந்து பாருங்க. காப்பி ஆயிருச்சாங்கிறது ஒரு கேள்வி. வேற இடத்துல படிக்க முடியுதாங்கிறது வேற கேள்வி. நான் முதல் கேள்வியோட நிறுத்திட்டேன்.

மாமா கடை இப்பவும் இருக்கு. போன தீபாவளிக்குப் போனப்போ புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். "மாப்ள, நீ வர்றதுக்குள்ள பசங்களை வச்சு ஓஎஸ் போட்டாச்சு"ன்னார். எனக்குப் பக்குன்னுச்சு. அவர் சிரிச்சுக்கிட்டே மேசை டிராயரைத் திறந்தார். ஒரு பென்டிரைவ், அதுல 'எழுத்து'ன்னு பேனாவால எழுதி ஒட்டியிருக்கு. பக்கத்துல, நாங்க நாலு நாள் உட்கார்ந்து போட்ட அந்த அட்டவணை. லேமினேட் பண்ணி வச்சிருக்கார்.

உங்க வீட்டுல படிக்க முடியாமப் போன தமிழ் ஃபைல் ஏதாவது கிடந்தா எனக்கு எழுதுங்க. அதோட ஒரு பக்கம் தாள்ல எங்கயாவது இருக்கான்னு முதல்ல தேடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.